வேலூரில் கிரகணி ஆராய்ச்சி



நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொள்ளை நோய்களையே எழுதுகின்றனர். பெரியம்மை, காலரா, பிளேக் முதலியன ஊரையே கலக்கிச் சென்றவை. அவை வந்த ஆண்டுகள் மக்கள் நினைவில் ஆழப் பதிந்துள்ளன. ஆனால், மாதக்கணக்கில் வயிற்றை விட்டு நீங்காமல், உண்ட உணவை உடலில் ஒட்டவிடாமல், மனிதனைச் சிறிது சிறிதாகத் தேய்த்து மாய்க்கும் குடல் நோய்களைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. அத்தகைய நோய் ஒன்று நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதனை இனங்காண நம் நாட்டிலேயே அரியதோர் ஆராய்ச்சியும் நடந்தது. அவ்வரலாற்றை உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நான் காடாம்புலியூரில் வாழ்பவன். பண்ணுருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையில், பலாவும் முந்திரியும் செழிக்கும் செம்மண் பூமி எங்கள் ஊர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று கடலூர் மாவட்டத்தில் உள்ளது. எங்களுக்கு வடமேற்கே இருந்தது பழைய வட ஆர்க்காடு மாவட்டம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் அந்நிலமே நம் வரலாற்றின் களம்.

நோயின் பெயரிலிருந்து தொடங்குவோம். நாட்பட்ட கழிச்சலைக் கிரகணி என்றும் கிராணி என்றும் நம் முன்னோர் குறித்தனர். சரக சம்கிதையில் இந்நோய்க்கெனவே ஓர் அத்தியாயம் உண்டு. கிரகணி என்பது பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த வடசொல். உணவைச் செரிக்கும்வரை பற்றி வைத்திருக்கும் உறுப்புக்குரிய பெயரே, அவ்வுறுப்புக்கு வரும் நோயின் பெயரும் ஆயிற்று. பெயரிட்டவர்கள் கூர்ந்து கண்டே பெயரிட்டனர் என்பது இக்கால அறிவியலைக் கற்போர்க்கு எளிதில் விளங்கும்.

நம் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. அதன் உட்சுவரில் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட எட்டாத எண்ணற்ற குடலுறிஞ்சிகள் விரல்களைப் போல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சோற்றின் மாவுச்சத்தும், எண்ணெயின் கொழுப்பும், கீரையின் ஃபோலிக் அமிலமும் இவ்விரல்களின் வழியாகவே இரத்தத்தில் சேர்கின்றன. இவை குட்டையாகித் தட்டையாகிவிட்டால், உண்பவன் வயிறார உண்டும் பட்டினி கிடப்பவன் ஆகின்றான். கொழுப்பு மலத்தோடு வெளியேறும். நாக்குப் புண்ணாகிச் சிவக்கும். ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் குறையவே, எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் முறையாக உருவாகா, சோகை தோன்றும். கால் வீங்கும், உடல் மெலியும். பசியும் அற்றுப்போவதால் எஞ்சியிருந்த உணவும் நின்றுபோகும்.

மேனாட்டார் இந்நோயை ஸ்ப்ரூ என்பர். பார்படோஸ் தீவில் மருத்துவம் செய்த வில்லியம் ஹில்லரி என்னும் ஆங்கிலேயர் 1759இல் இதனை விவரித்தார். பின்னர் 1880இல் சீனத்து அமாய் துறைமுகத்திலிருந்து பாட்ரிக் மேன்சனும், ஜாவாவிலிருந்து வான் டெர் பர்க் என்னும் டச்சு மருத்துவரும் தனித்தனியே இதைப் பற்றி எழுதினர். வாய்ப்புண்ணைக் குறிக்கும் டச்சுச் சொல்லே ஸ்ப்ரூ என வழங்கலாயிற்று.

வெப்ப நாடுகளுக்கு வந்து தங்கும் ஐரோப்பியரையே இந்நோய் மிகுதியாகப் பற்றும் என்ற எண்ணம் நெடுங்காலம் மருத்துவ உலகில் நிலவியது. இவ்வெண்ணம் எவ்வாறு பிறந்தது? தோட்டத்துரைக்கு நாட்பட்ட கழிச்சல் வந்தால் மருத்துவர் வந்து பார்த்தார். நோய்க்குப் பெயரும் இட்டார். தோட்டத்தில் உழைத்த கூலிக்கு அதே கழிச்சல் வந்தால், அது வறுமை என்றோ சீதபேதி என்றோ கணக்கில் எழுதப்பட்டது. பார்க்கப்படாத நோயாளி நோயற்றவனாகக் கருதப்பட்டான். என் கருத்தில், இந்நோயின் வரலாற்றில் நேர்ந்த முதற்பிழை இதுவே.

இந்தியரையும் இந்நோய் கொல்லும் என்பதற்குச் சென்னை மாகாணத்திலேயே சான்று இருந்தது. 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், உடன்பிறந்தார் இருவரை அடுத்தடுத்து இந்நோய்க்குப் பறிகொடுத்தார். அவரையும் அது விடவில்லை. ஆசண்ட லட்சுமிபதி என்னும் ஆயுர்வேத மருத்துவரின் சிகிச்சையால் அவர் உயிர் பிழைத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1923இல் அமெரிக்காவை அடைந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் பின்னர் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்திலும் உழைத்தார்.

இதற்கிடையில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி 1928இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்னும் மலிவான உணவுப்பொருள் அச்சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டார். அதில் மறைந்திருந்த பொருளே ஃபோலிக் அமிலம். அதனை 1945இல் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கியது சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் வெளிவந்ததும் அதே ஆராய்ச்சிக் கூடத்திலிருந்துதான். ஸ்ப்ரூவுக்கு இன்றும் வழங்கப்படுவன ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினுமே. உடன்பிறந்தாரை எந்நோய் கொண்டுசென்றதோ, அந்நோய்க்குரிய இரு மருந்துகளும் அவர் வழிநடத்திய கூடத்தில் தோன்றின. 1948லேயே சுப்பாராவ் மறைந்தார்.

மருந்து பிறந்துவிட்டது. ஆனால் மருந்து பயன்பட வேண்டுமாயின், நோயாளி யார் என்பதை முதலில் அறிதல் வேண்டும் அன்றோ? வசதியற்ற சிற்றூரில் அதனை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை தேடிய இடம் வேலூர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறே எளிமையில் தொடங்கியது. ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தம் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது; 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், சாலையோரத்து மரநிழலில் நின்று மருந்து கொடுக்கும் வழக்கத்தையும் அம்மையார் ஏற்படுத்தினார். பின்னாளில் கிரகணி ஆராய்ச்சியாளர்கள் ஊர்தோறும் சென்றதற்கு அவ்வழக்கமே அடித்தளம் எனலாம். அம்மையார் 1960இல் இயற்கை எய்தினார். அதே ஆண்டில்தான் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து புதிய துன்பச் செய்திகள் வரலாயின.

1960 முதல் 1962 வரை, ஊர் ஊராகக் கழிச்சல் பரவியது. அது காலராவைப் போல் ஓரிரு நாளில் கொல்லவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் ஓயவும் இல்லை. ஓர் ஊரில் நுழைந்தால் பல மாதங்கள் அங்கேயே தங்கி, வீடு வீடாகச் சென்றது. சிலர் தாமே தேறினர்; பலர் மெலிந்தனர். இப்பகுதியில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர் என ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டனர். இறந்தோர் பல்லாயிரவர்.

அப்போது வேலூரில் பணியாற்றியவர் செல்வின் பேக்கர் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர். அவரோடு இணைந்து உழைத்தவர் வி. ஐ. மாத்தன். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையின் உதவியோடு அங்கே ஓர் ஆராய்ச்சிப் பிரிவும் இயங்கியது. அவர்கள் கையாண்ட முறைகளை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அவர்களின் முதற்கருவி வீட்டுக் கணக்கு. எவ்வீட்டில் யார், என்ன வயது, எந்த நாளில் கழிச்சல் தொடங்கிற்று, எந்நாளில் நின்றது என்று எழுதி வந்தனர். இதற்குத் தாளும் எழுதுகோலும் பொறுமையும் போதும். அக்கணக்கிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. வழக்கமாக வரும் கழிச்சல் நோய்கள் குழந்தைகளையே மிகுதியாகப் பற்றி, விரைவில் ஓய்ந்தன. ஸ்ப்ரூவோ வயதுவந்தோரையே மிகுதியாகப் பற்றி, நெடுநாள் நின்றது. இரண்டையும் ஒப்பிட்டு 1968இல் பேக்கரும் மாத்தனும் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெயர்பெற்றது. ஓர் ஊரில் நோயுற்றோரின் வயதையும் நாட்கணக்கையும் வரிசைப்படுத்தினாலே நோயின் இனம் புலப்படத் தொடங்கும் என்பது எத்துணைப் பயனுள்ள செய்தி!

இரண்டாவது கருவி எளிய நுண்ணோக்கி. எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளைப் போன்ற மண்ணில் செருப்பின்றி நடப்போரின் கால் வழியே கொக்கிப்புழு உடலில் புகும். அதுவும் சோகையைத் தரும். அதுவும் மனிதனை வெளுக்கச் செய்யும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? கொக்கிப்புழுவால் இரும்புச்சத்து இழந்தவனின் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். ஃபோலிக் அமிலமோ பி12ஓ குறைந்தவனின் அணுக்கள் பருத்திருக்கும். கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தத்தைத் தடவிப் பார்த்தால் இவ்வேறுபாடு பெரும்பாலும் தெரியும். மலத்தை நோக்கினால் புழுவின் முட்டையும் அமீபாவும் புலப்படும். இரு குறைகளும் ஒருவனிடமே கூடியிருப்பதும் உண்டு. ஆகவே ஒன்றைக் கண்டவுடன் தேடலை நிறுத்துதல் கூடாது.

மூன்றாவது, உறிஞ்சும் ஆற்றலை அளத்தல். ஸைலோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரையை அளந்து நீரில் கரைத்துக் குடிக்கச் செய்வர். அதனைச் சிறுகுடலின் மேற்பகுதி உறிஞ்சும். உடல் அதில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் சிறுநீரில் விட்டுவிடும். ஐந்து மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளந்தால், குடல் எவ்வளவு உறிஞ்சிற்று என்பது தெரியும். மூன்று நாள் மலத்தைச் சேர்த்துக் கொழுப்பை அளப்பது இன்னொரு முறை. விடியுமுன் வயல்வெளிக்குச் செல்லும் வழக்கமுடைய ஊரில் இம்முறைக்கு மக்களை இசையச் செய்வது எளிதன்று.

நான்காவது, குடலின் திசுவையே எடுத்துப் பார்த்தல். 1957இல் அமெரிக்கரான கிராஸ்பி என்பவர் சிறு உலோகக் கூடு ஒன்றை அமைத்தார். மெல்லிய குழாயின் முனையில் அதனைப் பொருத்தி விழுங்கச் செய்வர். அது சிறுகுடலை அடைந்ததும், குழாயின் வழியே காற்றை உறிஞ்சினால், கூட்டினுள் உள்ள கத்தி உட்சுவரின் ஒரு துணுக்கை அறுத்தெடுக்கும். வயிற்றைக் கீறாமலே குடலுறிஞ்சிகளைக் காணும் வாய்ப்பு இவ்வாறு கிட்டியது.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. கூட்டினால் எடுத்த துணுக்குகளை மேனாட்டு நூல்களிலுள்ள படங்களோடு ஒப்பிட்டபோது, நோயுற்றோர் குடல் மாறுபட்டிருந்ததில் வியப்பில்லை. ஆனால், நலமாக நடமாடி, வயலில் நாள் முழுதும் உழைத்த மக்களின் குடலுறிஞ்சிகளும் பலரிடம் விரல் வடிவில் இல்லை. இலைபோல் அகன்றும் வரப்புபோல் நீண்டும் இருந்தன. அவர்களிற் பலர் ஸைலோஸையும் மேனாட்டு அளவுக்கு உறிஞ்சவில்லை. மேனாட்டு அளவுகோலை அப்படியே வைத்திருந்தால், ஊரில் பெரும்பகுதியினரை நோயாளிகள் என்று எழுதியிருக்க நேரும்!

இது பிறவியமைப்போ என்று ஐயம் எழுந்தது. இறந்து பிறந்த சிசுக்களின் குடலை ஆராய்ந்தபோது அங்கே விரல் வடிவமே காணப்பட்டது. அன்றைய கிழக்குப் பாக்கிஸ்தானில் தங்கி வாழ்ந்த அமெரிக்கர்களிடமும் இத்தகைய மாற்றம் தோன்றி, அவர்கள் தாயகம் திரும்பிய பின் மெல்ல மறைந்தது. ஆகவே காரணம் இனமன்று. வாழும் சூழலே என்பது தெளிவாயிற்று. தூயதல்லாத நீர், மண், உணவு ஆகியவற்றின் வழியே இடைவிடாது புகும் நுண்ணுயிர்கள் குடலை நாளும் தாக்குகின்றன. இந்நிலையைச் சூழலால் வரும் குடற்கேடு என்று இன்றைய அறிஞர் குறிக்கின்றனர். குழந்தைகளின் வளர்ச்சி குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்ற எண்ணத்தோடு உலகெங்கும் இன்று ஆராய்ச்சி நடைபெறுகின்றது.

வேலூர் உலகுக்குத் தந்த பாடம் இதுதான்: நோயாளியை அறிய விரும்புவோன், முதலில் அவனுடைய அண்டை வீட்டில் நலமாக வாழ்பவனை அறிதல் வேண்டும். அளவுகோலை அயலூரிலிருந்து கொண்டுவரலாம். ஆனால் அதை நம் ஊரில் சரிபார்த்த பின்னரே பயன்படுத்தல் வேண்டும்.

இப்பாடம் வரையறையாகவும் வடிவம் பெற்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களைக் குடல் உறிஞ்சத் தவறினால், வேறு நோய் எதுவும் இல்லையென உறுதிசெய்த பின்னரே வெப்பநாட்டு ஸ்ப்ரூ எனல் வேண்டும் என்று பேக்கரும், அமெரிக்க அறிஞர் கிளிப்ஸ்டைனும் 1970இல் வகுத்துரைத்தனர். 1975இல் வேலூர்க் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியில் நச்சுயிரி போன்ற துகள்களைக் கண்டனர். நோயின் காரணம் சிக்கிவிட்டது என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அவை நலமாக உள்ளோரிடமும் மிகுதியாகக் காணப்பட்டன. தாம் கற்ற பாடத்தைத் தம் கண்டுபிடிப்பின்மீதே செலுத்திப் பார்த்த நேர்மை அவர்களுக்கு இருந்தது. அந்நோயின் மூலகாரணம் இன்றும் உறுதிப்படவில்லை.

காரணம் தெரியாமலே உயிரைக் காக்க இயலுமா? இயலும். இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தனர். ஃபோலிக் அமிலமும் பி12உம் கொடுத்தனர். தக்க உணவை ஊட்டினர். டெட்ராசைக்ளின் மேற்கிந்தியத் தீவுகளில் தந்த பலனை எல்லா இடங்களிலும் அதே அளவில் தரவில்லையெனினும், இவ்வெளிய உதவிகளால் நோயுற்றோர் பலர் பிழைத்தனர். விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும் செய்யக்கூடியது எவ்வளவோ உண்டு என்பதற்கு இது சான்றன்றோ?

அக்காலத்தில் எங்கள் தென்னார்க்காட்டில் நிகழ்ந்ததையும் இங்கு நினைவுகூரலாம். 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957இல் சுரங்கப்பணி தொடங்கியது. 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் மின்னாக்கம் ஆரம்பமாயிற்று. நிலக்கரியை எட்டுவதற்காக, அடியில் அழுத்தத்தோடு பொங்கும் நீரை இரவும் பகலும் இறைக்க வேண்டியிருந்தது. திட்டமிட்டு அமைத்த நகரியத்தில் குழாய் நீரும் கழிவுநீர் வசதியும் மருத்துவமனையும் ஏற்பட்டன. வட ஆர்க்காட்டுச் சிற்றூர்கள் கிரகணியால் வாடிய அதே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. குடலின் நலத்தை மருந்துச்சீட்டு மட்டும் காப்பதில்லை. நல்ல நீரும் கழிப்பிடமும் சேர்ந்தே காக்கின்றன. அவை நகரியத்தார்க்குக் கிடைத்த வேகத்தில் நாட்டுப்புறத்தார்க்குக் கிடைக்கவில்லை என்பதை வரலாறு மறைக்க இயலாது.

பிற்காலத்தில் ஸ்ப்ரூவின் கொடுமை நம் நாட்டில் பெரிதும் தணிந்தது. ஆயினும் நாட்பட்ட குடல் நோய்கள் நம்மை விட்டு நீங்கவில்லை. இன்று மருத்துவரை மயங்கச் செய்யும் இரட்டையர் இருவர் உளர்: ஒன்று குடற்காசம், மற்றொன்று கிரான் நோய். பின்னதை 1932இல் அமெரிக்காவில் கிரானும் அவருடைய நண்பர்களும் விவரித்தனர். இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் புண்ணாக்கும். இரண்டிலும் வயிற்றுவலி, கழிச்சல், எடைக்குறைவு உண்டு. காசமற்ற நாடுகளில் எழுதப்பட்ட நூலை மட்டும் படித்தவர், கிரான் என்று துணிந்து ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்கலாம். நோய் காசமாக இருப்பின், அம்மருந்தால் காசம் உடலெங்கும் பரவி உயிருக்கே ஊறு நேரும். மாறாகக் கிரான் நோயாளிக்குக் காச மருந்தையே தொடர்ந்து கொடுத்தால், காலம் வீணாகிக் குடல் சுருங்கி அடைபடும்.

நம் நாட்டு மருத்துவர்கள் இதற்கு ஒரு நடைமுறை கண்டுள்ளனர். திசுவில் காசக்கிருமியைத் தேடுகின்றனர், நுரையீரலையும் ஆராய்கின்றனர். ஐயம் தீராவிடில் பெரும்பாலும் காச மருந்தை முதலில் கொடுத்து, இரண்டு மூன்று மாதங்களில் புண் ஆறுகிறதா என்று மீண்டும் பார்க்கின்றனர். ஆறினால் ஆறு மாத மருந்தை முடிக்கின்றனர். ஆறாவிடில் கிரான் எனக் கருதி வழியை மாற்றுகின்றனர். காச மருந்து அரசால் இலவசமாக வழங்கப்படுவதால் ஏழைக்கும் இவ்வழி திறந்திருக்கின்றது. பெருங்குடற் புண் நோய்க்கோ, சுவீடன் நாட்டு நன்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார் 1940களில் அளித்த சல்ஃபாசலசின் என்னும் பழைய மருந்து இன்றும் மலிவான துணையாக நிற்கின்றது.

மாணவர்களே! நீங்கள் அனைவரும் மருத்துவர் ஆகப்போவதில்லை. ஆயினும் உங்கள் இல்லத்தில் ஒருவர்க்குக் கழிச்சல் நான்கு வாரங்களைக் கடந்து நின்றால், எடை குறைந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், மாலைதோறும் காய்ச்சல் வந்தால், உறக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல் இருந்தால், கடையில் மாத்திரை வாங்கி அடக்க முயலாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்நாளில் தொடங்கிற்று, எத்தனை முறை, எடை எவ்வளவு குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்லுங்கள். வேலூர் ஆராய்ச்சியாளர்கள் சிற்றூர்களில் முதன்முதல் கையாண்ட கருவி அந்தத் தாள்தான்.

மருத்துவம் பயிலச் செல்வோர்க்கு மேலும் ஒரு சொல். பெரிய கருவிகள் உள்ள கூடங்கள் நம் நாட்டில் பெருகி வருகின்றன; பெருகட்டும். ஆனால் எந்தக் கருவி காட்டும் எண்ணையும் பொருள்படச் செய்வது, அவ்வூர் மக்களைப் பற்றிய அறிவேயாகும். அவர்கள் எந்நீரைக் குடிக்கின்றனர், எதை உண்கின்றனர், நலமாயிருக்கும்போது எப்படி இருக்கின்றனர் என்பதை வீடு வீடாகச் சென்று அறிந்தவரே, அவர்கள் நோயுறும்போது அதைச் சரியாகப் பெயரிட்டழைக்க வல்லவர். அவ்வறிவைத் தேடி வட ஆர்க்காட்டு வரப்புகளில் நடந்த மருத்துவர்க்கும் செவிலியர்க்கும், தம் வீட்டுக் கதவைத் திறந்து விடையளித்த எளிய மக்களுக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.